ஆத்துல போட்ட புகை... குளத்துல கிடைக்கும்!

விருத்தாசலத்துக்குப் போய் நான் 'புகை பிடித்த' கதை இது. அம்மா, ப்ளீஸ்... பதறாதீங்க. சிகரெட் இல்லை, லாரிப் புகை!

காலை ஆறேகால் மணி. பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே ஒரு டீக்கடை. ராத்திரி முழுக்க பஸ்ஸில் தூங்காமல் வந்த கண் எரிச்சலோடு டீ கிளாஸைக் கையில் வாங்குறேன். கரெக்டா அந்த நேரம் பார்த்து ஒரு பழைய லாரி, ஃபர்ஸ்ட் கியரில் உறுமிக்கிட்டே கடையைக் கடந்து போச்சு. பின்னாடி குபுக்குனு ஒரு கறுப்பு மேகம்! அவசரமா டீயைக் கையால மூடினேன். டீ மாஸ்டர் சிரிச்சிட்டார்.

"ஊருக்குப் புதுசா தம்பி? ரெண்டு நிமிஷம் பொறுங்க. காத்தோட காணாமப் போயிடும்."

அவர் சொன்ன மாதிரியே ரெண்டு நிமிஷத்துல புகையைக் காணோம். வானம் பளிச். டீயும் சூப்பர். ஆனா, அந்த 'காணாமப் போயிடும்'ங்கிற வார்த்தை மட்டும் மண்டையை விட்டுப் போகலை. நான் மூணாவது வருஷ மெக்கானிக்கல் ஸ்டூடன்ட். டீசல் புகையில் என்னென்ன இருக்கும்னு பரீட்சையில் பதில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கேன். அந்தப் பதில் சைலன்சரோட முடிஞ்சிடும். அதுக்கப்புறம் அந்தப் புகை எங்கே போகுது, என்னவா மாறுது? அது சிலபஸ்லயே இல்லை!

வந்த வேலை என்னவோ வேற. 'பீங்கான் ஊரை ஒரு ரவுண்டு அடிச்சு எழுதிட்டு வா'னு அனுப்பி வெச்சாங்க. பீங்கானுக்கும் டீசல் புகைக்கும் என்ன சம்பந்தம்னு கேட்கிறீங்களா? காலையில் எனக்கும் தெரியாது. சாயந்திரம் தெரிஞ்சிடுச்சு!

காசியை விட வீசம் ஜாஸ்தி

முதல்ல ஊரைப் பத்திக் கொஞ்சம். விருத்தாசலத்தோட பழைய பேர் திருமுதுகுன்றம். 'காசியை விட வீசம் அதிகம்'னு ஊர்க்காரங்க காலரைத் தூக்கி விட்டுக்கிற புண்ணிய தலம். பழமலைநாதர் கோயில்ல கோபுரம் அஞ்சு, தேர் அஞ்சு, கொடிமரம் அஞ்சுனு எல்லாமே அஞ்சு கணக்குதான். தரைமட்டத்துக்குக் கீழே படி இறங்கிப் போய்த்தான் ஆழத்துப் பிள்ளையாரைப் பார்க்கணும். சென்னை - திருச்சி கார்டு லைன்ல சேலத்துக்கும் கடலூருக்கும் தண்டவாளம் பிரியற ஜங்ஷன். ஊரைச் சுத்தி முந்திரித் தோப்பு, கரும்பு, நெல். கிழக்கே இருபது கிலோ மீட்டர் போனா நெய்வேலி.

இந்த ஊருக்கு இன்னொரு அடையாளம், மண். பீங்கானுக்குன்னே இங்கே ஒரு தொழிற்பேட்டை இருக்கு. செராமிக் டெக்னாலஜிக்குன்னே அரசாங்கத்தோட டிப்ளமா காலேஜும் இருக்கு. உங்க பாட்டி வீட்டு மெயின் போர்டுல வெள்ளையா ஒரு ஃப்யூஸ் கேரியர் இருக்கும், ஞாபகம் இருக்கா? கரன்ட் கம்பத்துல கம்பியைத் தாங்குற பீங்கான் இன்சுலேட்டர்? கப்பு, ஜாடி, பொம்மை? இதெல்லாம்தான் இந்த ஊரோட சரக்கு.

பேட்டைக்குள்ள ஒரு சின்ன யூனிட்ல தயங்கித் தயங்கி எட்டிப் பார்த்தேன். "உள்ள வாங்க தம்பி, செருப்பு மட்டும் பாத்து வைங்க. மோல்டு இருக்கு" என்று ஓர் அண்ணன் கூப்பிட்டார். இருபது வருஷமா இதே வேலையாம்.

களிமண், குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் மூணையும் தண்ணியோட சேர்த்து அரைச்சு, மோர் மாதிரி ஒரு குழம்பு வெச்சிருக்காங்க. பேரு ஸ்லிப். அதை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சுக்குள்ள ஊத்துறாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு அச்சைக் கவுத்து, மிச்சத்தைத் திருப்பிக் கொட்டுறாங்க. அட! உள்சுவத்துல ஒரே சீரா ஒரு மண் தோல் ஒட்டி நிக்குது. அதுதான் கப்பு!

"எப்படிண்ணே?"

"அச்சு பூரா பொடிப் பொடி ஓட்டை தம்பி. கண்ணுக்குத் தெரியாது. தண்ணி மட்டும் உள்ள போவும். மண்ணு வெளியவே நின்னுக்கும். அவ்ளோதான் விஷயம்."

இந்த அவ்ளோதான் விஷயத்தை மட்டும் மனசுல போட்டு வெச்சுக்கோங்க. கடைசியில தேவைப்படும்.

'சட்டியில பட்டா சூளை பாத்துக்கும்...'

வெளியே ரோட்டை ஒட்டின தாழ்வாரத்துல, காய்ஞ்ச கப்புகளை ஈரப் பஞ்சால் துடைச்சு வழவழப்பாக்கிட்டிருந்தாங்க ஓர் அக்கா. நான் நின்ன பத்து நிமிஷத்துல அந்த ரோட்டுல ஏழு லாரி, ரெண்டு கரும்பு டிராக்டர். ஒவ்வொண்ணும் போனதும் அவங்க முந்தானையால மூக்கைப் பொத்திக்கிட்டாங்க. கையில் இருந்த கப்பு பால் வெள்ளை. எனக்குப் பக்னு இருந்துச்சு.

"ஏங்க்கா, இவ்ளோ கரி பறக்குது. வெள்ளை கப்புல கறுப்புப் புள்ளி விழாதா?"

"கரிதானே? அது ஒண்ணும் பண்ணாது. சூளைக்குள்ள போனா தானா எரிஞ்சிடும். இரும்புத்தூள் பட்டாதான் வம்பு. வெந்து வரும்போது புள்ளி நின்னுடும். அதுக்குத்தான் ஸ்லிப்புலயே காந்தம் போட்டு எடுத்துடுறது."

நான் நோட்டுல குறிச்சுக்கிட்டிருந்தேன். அவங்க கப்பைத் திருப்பித் துடைச்சுக்கிட்டே, யார்கிட்டயோ சொல்ற மாதிரி சொன்னாங்க: "சட்டியில பட்டா சூளை பாத்துக்கும். நம்ம நெஞ்சுக்குள்ள எந்த சூளை இருக்கு?"

என் பேனா நின்னுடுச்சு. ஏற்கெனவே மண் தூசியில் இருக்கிற சிலிக்கா இந்தத் தொழில்ல இருக்கிறவங்க நுரையீரலுக்குப் பகை. அதோட இந்தப் புகையும் சேருது. டீசல் புகை நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012 ஜூன்ல உறுதியாவே சொல்லிடுச்சு. அதுக்கு முன்னாடி, 1988-லிருந்து, 'உண்டாக்கக்கூடும்'ங்கிற லிஸ்ட்லதான் இருந்துச்சு.

சரி, டீ மாஸ்டரோட கேள்விக்கு வருவோம். காணாமப் போன புகை எங்கேதான் போச்சு? ஊர் திரும்பினதும் லைப்ரரியில உக்காந்து துருவினதை இங்கேயே சொல்லிடுறேன்.

புகையின் ஜாதகம்

டீசல் இன்ஜின்ல ஸ்பார்க் பிளக் கிடையாது. காத்தை அழுத்தி, அழுத்தி, பழுக்கச் சூடாக்கி, அதுக்குள்ள டீசலைப் பீய்ச்சி அடிப்பாங்க. தானாவே பத்திக்கும். ஆனா, பீய்ச்சின டீசலோட நடுப்பகுதிக்குப் போதுமான ஆக்ஸிஜன் போய்ச் சேராது. அங்கே டீசல் எரியாது, வேகும்! கார்பன் அணுக்கள் வளையம் வளையமா கை கோத்து, அடுக்கடுக்கா சேர்ந்து, குட்டிக் குட்டிக் கரி உருண்டை ஆகும். ஒரு உருண்டை சுமார் 20, 30 நானோ மீட்டர். ஒரு தலைமுடியோட குறுக்கே இரண்டாயிரத்துக்கும் மேல நிக்க வைக்கலாம். இந்த உருண்டைகள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, திராட்சைக் கொத்து மாதிரி, கோணல் மாணலா ஒரு சங்கிலி ஆகும். அதுமேல எரியாத டீசல், இன்ஜின் ஆயில், வளையக் கூட்டமா இருக்கிற ஹைட்ரோகார்பன்கள் எல்லாம் எண்ணெய்ப் பிசுக்கா படிஞ்சிருக்கும். இன்ஜின் ஆயில்ல இருக்கிற கால்சியம், துத்தநாகம் மாதிரி உலோகங்களும் கொஞ்சம் ஒட்டிக்கும்.

சைலன்சரை விட்டு வெளியே வர்றப்ப இதுக்குத் தண்ணின்னாலே ஆகாது. தாமரை இலைதான். டீ மாஸ்டர் பார்த்த கறுப்பு மேகம் இதுதான். ரெண்டு நிமிஷத்துல அது விரிஞ்சு, கலந்து, கண்ணுக்குத் தெரியாமப் போயிடுது. ஆனா துகள் இருக்கு. இங்கேதான் அது பஸ் ஏறுது!

முதல் ஸ்டாப்பிங்: சூரியன். வெயில், ஓசோன், நீராவி மூணும் சேர்ந்தா 'ஹைட்ராக்ஸில் ரேடிக்கல்'னு ஒண்ணு பிறக்கும். ஆயுசு ஒரு செகண்டு கூட கிடையாது. ஆனா கண்ணுல பட்ட எதையும் விடாது. காத்தைச் சுத்தம் பண்ற துப்புரவுப் பணியாளர்னு இதைச் சொல்லலாம். இதுவும் ஓசோனும் சேர்ந்து கரித்துகள் மேல இருக்கிற எண்ணெய்ப் பிசுக்கைத் தாக்கி, ஆக்ஸிஜனை ஏத்தி விடுது. தண்ணியே ஆகாதுன்ன துகள், மெதுவா தண்ணியோட சிநேகம் பிடிக்க ஆரம்பிக்குது.

ரெண்டாவது ஸ்டாப்பிங்: பக்கத்து வீட்டுப் புகை. நிலக்கரியும் லிக்னைட்டும் எரிஞ்சா சல்ஃபர் டை ஆக்ஸைடு வரும். அது காத்துல கந்தக அமிலமா மாறி, நம்ம கரித்துகள் மேல போய்ப் படியும். வயல்ல போட்ட யூரியா, மாட்டுக் கொட்டகை ரெண்டுலயிருந்தும் அமோனியா கிளம்பி வரும். அமிலமும் அமோனியாவும் சேர்ந்தா அமோனியம் சல்ஃபேட். அனல் மின்நிலையம், நெல் வயல், லாரி ரோடு மூணும் இருபது கிலோ மீட்டருக்குள்ள இருக்கிற ஒரு இடத்தைச் சொல்லுங்கன்னா, நான் இப்போ உடனே சொல்லுவேன்!

மூணாவது ஸ்டாப்பிங்: சீட் மாத்தம். இன்ஜின்லயே '1-நைட்ரோபைரீன்'னு ஒரு பொருள் உண்டாகும். டீசல் புகையோட கைநாட்டு அது. காத்துல எடுத்த சாம்பிள்ல இதுகூட '2-நைட்ரோபைரீன்'னு இன்னொண்ணும் கிடைக்குது. அதே அணுக்கள், அதே எண்ணிக்கை. நைட்ரோ மட்டும் அடுத்த சீட்டுக்கு மாறி உக்காந்திருக்கு. ஆச்சரியம் என்னன்னா, இந்த ரெண்டாவது ஆளை இன்ஜின் தயாரிக்கிறதில்லை. புகையில் இருந்த பைரீன், வெளிக்காத்துல ஹைட்ராக்ஸிலோடயும் நைட்ரஜன் டை ஆக்ஸைடோடயும் சேர்ந்து பெத்த பிள்ளை அது! இந்த நைட்ரோ குடும்பத்துல பலது நம்ம மரபணுவையே மாத்தக்கூடியது. 1978-லேயே கலிஃபோர்னியாவுல ஜேம்ஸ் பிட்ஸ் குழு இதுக்குச் சாட்சி காட்டிடுச்சு. பென்சோபைரீன்ங்கிற பொருளை ஃபில்டர் தாள்ல தடவி, நகரத்துக் காத்துல இருக்கிற அளவு நைட்ரஜன் டை ஆக்ஸைடைக் காட்டினாங்க. பாக்டீரியாவோட மரபணுவையே மாத்துற நைட்ரோ பொருள் அதுல உருவாச்சு.

இன்னொரு ஷாக், 2007-ல. அமெரிக்காவோட கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துல டீசல் புகையைப் பெரிய அறைக்குள்ள அடைச்சு, சூரியனுக்குப் பதிலா புற ஊதா விளக்கு போட்டாங்க. சில மணி நேரத்துல உள்ளே புதுசு புதுசா கரிமத் துகள் உருவாகிக்கிட்டே போச்சு. அதுவரைக்கும் தெரிஞ்ச மூலப்பொருட்களை வெச்சுப் போட்ட கணக்கை விட ரொம்ப அதிகம். அதாவது, சைலன்சர்ல ஆவியா வந்ததெல்லாம் வெளியே போய்த் துகளா மாறுது. வாகனத்துக்கு எடுக்கிற புகை டெஸ்ட், குழாய் வாயில அந்த நிமிஷம் புகை எவ்ளோ கறுப்புன்னுதான் பார்க்கும். கதையே அதுக்கப்புறம்தான் ஆரம்பம்!

எல்லாமே மோசமாத்தான் மாறும்னு சொன்னா அது பொய். ஓசோன் பட்டா பென்சோபைரீன் உடையும். நல்ல விஷயம். ஆனா 2017-ல வந்த ஓர் ஆய்வுப்படி, மேலே படியற கரிமப் பூச்சு போர்வை மாதிரி மூடிக்கிட்டு அதை ஓசோன்கிட்டயிருந்து காப்பாத்தியும் விடுது. அதனாலதான் அது தேசம் விட்டு தேசம் போக முடியுதாம். இதெல்லாம் படிய படிய, கோணல் மாணல் சங்கிலி சுருங்கிச் சுருங்கி, ஒரு கெட்டி உருண்டை ஆயிடுது. சுத்திப் படிஞ்ச பூச்சு பூதக்கண்ணாடி மாதிரி வெயிலை உள்ளே குவிக்கும். கரி இன்னும் அதிகமா சூடாகும். எவ்வளவு அதிகம்ங்கிறதுல விஞ்ஞானிகளுக்குள்ளேயே சண்டை. 2012-ல வெளிவந்த ஓர் ஆய்வுப்படி, கலிஃபோர்னியாவுல அளந்தப்போ ஆறே சதவிகிதம்தான் ஏறியிருந்துச்சு. பெய்ஜிங்ல வேற ஒரு குழு அளந்தா ரெண்டு மடங்குக்கு மேல!

மணிமுத்தாறு சொன்ன கணக்கு

மத்தியானம் கோயிலைப் பார்த்துட்டு மணிமுத்தாறு பாலத்துல வந்து நின்னேன். ஆத்துல தண்ணி கொஞ்சம், மணல் நிறைய. பாலத்துல லாரிக்குப் பஞ்சமே இல்லை. பக்கத்துல நின்ன பெரியவர், "இந்த ஆத்து கதை தெரியுமாப்பா?"னு ஆரம்பிச்சார்.

தெரியும்தான். ஆனாலும் கேட்டேன். சுந்தரருக்கு இந்த ஊர் சிவன் பன்னிரண்டாயிரம் பொன் கொடுத்தார். அவ்வளவையும் தூக்கிக்கிட்டு எப்படிப் போறது? 'ஆத்துல போடு, திருவாரூர்க் குளத்துல எடுத்துக்கோ'ன்னாராம். 'ஆத்துல போட்டுட்டு குளத்துல தேடுறான்'னு நம்மளைத் திட்டுவாங்களே, அது இங்கே பிறந்த வசனம்! எனக்குத் தெரிஞ்சது இதுவரைக்கும்தான். பெரியவர் நிறுத்தலை.

"சுந்தரர் வெவரமான ஆளு. ஆத்துல போடறதுக்கு முன்ன கொஞ்சம் தங்கத்த மச்சம் எடுத்துத் தனியா வச்சிக்கிட்டாரு. திருவாரூர்ல கமலாலயத்துல முழுகி எடுத்து உரசிப் பாத்தா, மாத்து கொறஞ்சிருக்கு! போட்டது ஒண்ணு, எடுத்தது ஒண்ணு. அப்புறம் பாட்டுப் பாடித்தான் சரி பண்ணாரு. அங்க மாற்றுரைத்த பிள்ளையார்னே ஒருத்தர் இருக்காரு, போய்ப் பாரு."

எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. போட்டது ஒண்ணு, எடுத்தது ஒண்ணு! காலையிலேர்ந்து நான் தேடிக்கிட்டிருந்த கதையைப் பெரியவர் பெரியபுராணத்துல இருந்து எடுத்துக் கொடுத்துட்டார்.

இந்தப் புகைக்கும் ஒரு கமலாலயம் இருக்கு. அது இந்துமகா சமுத்திரம்! 1999 ஜனவரியில் இருந்து மார்ச் வரை, கப்பல், விமானம், மாலத்தீவுல ஓர் ஆய்வுக்கூடம்னு வெச்சு 'இந்தோயெக்ஸ்'னு ஒரு பெரிய ஆராய்ச்சி நடந்துச்சு. குளிர்காலத்துல காத்து நிலத்துலேர்ந்து கடலைப் பார்த்து அடிக்கும். நம்ம துணைக்கண்டத்துப் புகை அப்படியே கடலுக்கு மேல பழுப்பு நிறத்துல, மூணு கிலோ மீட்டர் உயரம் வரைக்கும் போர்வை போட்டு நின்னதைக் கண்டுபிடிச்சாங்க. ஊரே இல்லாத கடல்ல பிடிச்ச நுண்துகள்ல பத்துல ஒரு பங்குக்கு மேல கரி. அதுவும் தனிக் கரியா இல்லை. ஒரே துகளுக்குள்ள கரியும் சல்ஃபேட்டும் கலந்து... மாத்து மாறின சரக்கு! அது அத்தனையும் லாரிப் புகைதான்னு நினைச்சுடாதீங்க. மாலத்தீவுலயும் புனே பக்கத்து சிங்ககட்லயும் எடுத்த கரியைச் சோதிச்ச ஓர் ஆய்வு 2009-ல வந்துச்சு. பாதியிலேர்ந்து மூணுல ரெண்டு பங்கு வரைக்கும் விறகு, வறட்டி, வைக்கோல் எரிச்ச புகையாம். மிச்சம்தான் டீசலும் நிலக்கரியும்.

இந்தோயெக்ஸை பால் க்ரூட்ஸனோட சேர்ந்து நடத்தின விஞ்ஞானி யார் தெரியுமா? வீரபத்ரன் ராமநாதன். எங்கே இன்ஜினீயரிங் படிச்சார்? அண்ணாமலைப் பல்கலைக்கழகம், சிதம்பரம். நான் நின்ன பாலத்துலேர்ந்து சுமார் 50 கிலோ மீட்டர்! படிச்சு முடிச்சதும் ஃப்ரிட்ஜ் கம்பெனியில வேலை பார்த்தவர். அப்புறம் அந்த ஃப்ரிட்ஜ் வாயுவே பூமியைச் சூடாக்குதுன்னு 1975-ல உலகத்துக்குச் சொன்னவரும் அவர்தான். 'இன்ஜினீயரிங் முடிச்சுட்டு என்னடா பண்ணப் போற?'னு கேட்கிற மாமாக்களுக்கு இனி ஒரு பதில் இருக்கு!

இப்போ ஒரு கணக்கு. கரித்துகள் சங்கிலியிலேர்ந்து முழுசா கெட்டி உருண்டை ஆக எவ்வளவு நேரம் ஆகும்னு 2016-ல ஒரு குழு வெளியிட்டது. அமெரிக்காவோட ஹூஸ்டன்ல 9 மணி நேரம். பெய்ஜிங்ல 2.3 மணி நேரம்! அதே கரிதான். காத்துல ஏற்கெனவே இருக்கிற அழுக்கு எவ்வளவு அதிகமோ, அவ்வளவு சீக்கிரம் வேஷம் மாறுது.

மணிக்குப் பத்து கிலோ மீட்டர் வேகத்துல ஒரு சாதாரணக் காத்து அடிக்குதுன்னு வைங்க. ஹூஸ்டன் கணக்குப்படி ஒன்பது மணி நேரத்துல 90 கிலோ மீட்டர். மேப்பை விரிச்சு ஸ்கேல் வெச்சுப் பார்த்தேன். விருத்தாசலத்துக்கும் திருவாரூருக்கும் நேர்க்கோட்டுத் தூரம் எவ்வளவு தெரியுமா? கிட்டத்தட்ட அதே 90! காத்து அந்தப் பக்கம் அடிச்சா, காலையில இங்கே கிளம்பின புகை சாயந்திரம் திருவாரூர்ல வேற பொருளா இறங்கும். பெய்ஜிங் கணக்குன்னா அவ்வளவு தூரம்கூட வேண்டாம். 23 கிலோ மீட்டர். நெய்வேலி தாண்டறதுக்குள்ள மாறிடும். ஹூஸ்டனும் பெய்ஜிங்கும் விருத்தாசலம் இல்லைதான். இது என்னோட ரஃப் ஒர்க்தான். ஆனா விஷயம் புரியுதுல்ல? ரோட்டோரத்துல கப்பு துடைக்கிற அக்காவுக்குப் புதுப் புகை. முப்பது கிலோ மீட்டர் தள்ளி, லாரியே வராத கிராமத்துல திண்ணையில உக்காந்திருக்கிற தாத்தாவுக்குப் பழைய புகை. யாருக்கும் தப்பிக்க வழி இல்லை. தண்ணியோட சிநேகமான துகள் ஒரு நாள் மேகத்துல ஏறி, மழையோட மண்ணுக்கு வந்துடும். கரித்துகளோட சராசரி ஆயுசு ஒரு வாரம்தான். ஆனா தினமும் லாரி ஓடுதே!

தேன்கூட்டில் சிக்கும் கரி

அப்போ என்னதான் வழி? காத்துல கலந்த பிறகு அது எந்த ஸ்டாப்புல என்னவா மாறும்னு யாராலும் கட்டுப்படுத்த முடியாது. பஸ் ஏறறதுக்கு முன்னாடியே பிடிச்சாகணும். எதால பிடிக்கிறாங்க தெரியுமா?

பீங்கானால!

1970-களோட ஆரம்பத்துல, அமெரிக்காவோட கார்னிங் கம்பெனியில பேக்லி, லாக்மன், லூயிஸ்னு மூணு பேர் கார்டியரைட்ங்கிற பீங்கான்ல தேன்கூடு மாதிரி ஒரு கட்டை செஞ்சாங்க. களிமண், டால்க், அலுமினா சேர்ந்ததுதான் கார்டியரைட். ஆமா, முகத்துக்குப் போடற பவுடர்ல இருக்கிற அதே டால்க்! பிசைஞ்ச மண்ணை அச்சுல வெச்சு முறுக்கு பிழியற மாதிரி பிழிஞ்சு, காய வெச்சு, சுட்டு எடுக்கிறது. சூடு ஏறி இறங்கினாலும் விரியாது, வெடிக்காது. அதனாலதான் சூளைக்குள்ள சட்டிகளை அடுக்கற பலகைக்கும் இதே கார்டியரைட்டைப் பயன்படுத்துறாங்க. மொதல்ல கார்களோட கேட்டலிடிக் கன்வர்டருக்கு அது போச்சு. அப்புறம் அதுல ஒரு சின்ன மாத்தம் செஞ்சாங்க. குழாய்களை ஒண்ணு விட்டு ஒண்ணு, சதுரங்கக் கட்டம் மாதிரி அடைச்சுட்டாங்க. உள்ளே வந்த புகைக்கு வேற வழியே இல்லை. சுவரோட நுண் துளை வழியா நுழைஞ்சுதான் அடுத்த குழாய்க்குப் போயாகணும். வாயு போயிடும். கரி சுவத்துலயே படிஞ்சு நின்னுடும்.

எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா? 'தண்ணி மட்டும் உள்ள போவும். மண்ணு வெளியவே நின்னுக்கும். அவ்ளோதான் விஷயம்!' பேட்டை அண்ணன் பிளாஸ்டர் அச்சுல காட்டினது இதேதான். இன்னும் ஒரு வேடிக்கை. ஃபில்டர் சுவரோட துளை, கரித்துகளை விட நூறு மடங்கு பெரிசு. ஆனாலும் கரி தப்பிக்காது. அவ்வளவு சின்னத் துகள் நேராப் போகத் தெரியாம தள்ளாடித் தள்ளாடிச் சுவத்துல மோதி ஒட்டிக்கும். ஒட்டின கரியே அடுத்து வர்ற கரிக்கு வலை ஆயிடும்.

கரி நிறைஞ்சு அடைச்சுக்கிட்டா? 600 டிகிரி வாக்குல சூடேத்தி எரிச்சுடுவாங்க. அந்த அக்கா சொன்ன மாதிரியே கரி சூளையில எரிஞ்சு போயிடும். எரியாம மிஞ்சறது இன்ஜின் ஆயிலோட உலோகச் சாம்பல் மட்டும். கப்புல இரும்புப் புள்ளி நின்ன மாதிரி!

2000-ல பெஜோ 607 கார்ல இந்த மாதிரி ஃபில்டர் வந்துச்சு. அது சிலிக்கான் கார்பைடு, இன்னொரு வகை பீங்கான். நம்ம நாட்டுல 2020 ஏப்ரல் 1-ல் இருந்து பி.எஸ்.-6 விதி வந்துச்சு. டீசல் கார் ஒரு கிலோ மீட்டருக்கு விடலாம்னு இருந்த துகள் அளவு 25 மில்லி கிராம்லேர்ந்து 4.5-க்கு இறங்குச்சு. எடை மட்டும் இல்லை. துகள்களை எண்ணவும் ஆரம்பிச்சாங்க. டீசல்ல இருக்கிற கந்தகமும் பத்து லட்சத்துல 50 பங்கா இருந்தது 10 ஆச்சு. கேட்டலிஸ்ட்டும் ஃபில்டரும் ஒழுங்கா இருந்தா, பின்னாடி காத்துல துகளா மாறப் போற ஆவிகூடப் பெரும்பாலும் அடங்கிடுது. ஆனா டீ மாஸ்டரோட டீயில கரி போட்ட லாரி மாதிரி பழசு இன்னும் எத்தனையோ ஓடுது. புது வண்டியிலயும் 'பிக்கப் குறையுது'ன்னு ஃபில்டரைக் கழட்டிப் போட்டுட்டு ஓட்டற புத்திசாலிகளுக்குப் பஞ்சம் இல்லை.

நம்ம பங்குக்கு? சாயந்திரம் மூணரைக்கு காலேஜ் கேட்ல வரிசையா நிக்கற பஸ்களைக் கவனிச்சிருக்கீங்களா? கடைசி ஆள் ஏறற வரைக்கும் இன்ஜின் ஓடிக்கிட்டேதான் இருக்கும். ஜன்னல் சீட்டுக்கு அடிச்சுக்கிட்டு, பின்னாடி பஸ்ஸோட புகையை நிதானமா உள்ளே இழுக்கறோம். 'அண்ணே, ஆளு வர்ற வரைக்கும் ஆஃப் பண்ணி வைங்களேன்'னு கேட்கிறதுக்கு பி.இ. டிகிரி தேவையில்லை.

சாயந்திரம் பேட்டைக்குத் திரும்பிப் போய் அந்த அக்காகிட்டயும் அண்ணன்கிட்டயும் இந்தத் தேன்கூட்டுக் கதையைச் சொன்னேன். நோட்டுல படம் போட்டுக் காட்டினேன். அண்ணன் கண்ணைச் சுருக்கி ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது நம்ம மண்ணுல பண்ற வேலைதானே தம்பி? அச்சு கெடைச்சா பிழிஞ்சுரலாம் போலருக்கே..."

அவ்வளவு ஈஸி இல்லைன்னு எனக்குத் தெரியும். அந்த மெல்லிசு சுவர், அந்தத் துளைக் கணக்கு, அந்த அச்சு எல்லாமே பெரிய டெக்னாலஜி. ஆனா, அவர் கண்ணுல தெரிஞ்ச ஆசை பொய் இல்லை. பக்கத்துலயே செராமிக் படிக்கிற பசங்க இருக்காங்க. சிதம்பரத்துல இன்ஜினீயரிங் இருக்கு. ஃப்யூஸ் கேரியர் செஞ்ச ஊர், புகை கேரியர் செய்யக் கூடாதா என்ன? அக்கா மட்டும் ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க: "அது எப்ப வரும் தம்பி, நம்ம ரோட்டு லாரிக்கெல்லாம்?" எனக்குப் பதில் தெரியலை. சிரிச்சு மழுப்பாம, 'தெரியலைக்கா'ன்னு சொல்லிட்டு வந்தேன்.

ராத்திரி பஸ்ஸுக்கு முன்னாடி அதே டீக்கடை. அதே மாஸ்டர். டீயைக் கையில் வாங்கினதும், சொல்லி வெச்ச மாதிரி இன்னொரு லாரி. குபுக்! இந்த முறையும் கிளாஸைக் கையால மூடினேன். மாஸ்டர் ரெண்டு நிமிஷம் கழிச்சு, ஜெயிச்ச மாதிரி வானத்தைக் காட்டினார்.

"பாத்தீங்களா தம்பி? காணாமப் போயிடுச்சு!"

"போகலைண்ணே... திருவாரூருக்குக் கிளம்பியிருக்கு!"